காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உயரத்தையோ உடையையோ பார்த்து அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. வலது கை ஆள்காட்டி விரலைப் பார்க்க வேண்டும். அதன் நுனியில் பெயின்ட், வார்னிஷ், நேற்றைய சிமென்ட், இன்றைய பசை என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்தான் தொட்டுப் பார்ப்பவர்.

'பெயின்ட் ஈரம், தொடாதீர்கள்' என்று சுவரில் ஓர் அட்டை தொங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒதுங்கிப் போவீர்கள். (அப்படித்தான் போவீர்கள் என்று இப்போதைக்கு நம்பி வைப்போம்.) அவருக்கோ அந்த அட்டை ஓர் அழைப்பிதழ். அதை எப்போது மாட்டினார்களோ, யார் கண்டது? மாட்டியவன் கழற்ற மறந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ காய்ந்த சுவர்கள் ஈரம் என்ற கெட்ட பெயரோடு நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்காக ஒருவராவது விரலை நீட்ட வேண்டாமா? நீட்டுகிறார். சுவரில் ஒரு பள்ளம். "ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்று, அட்டை எழுதியவன் சொன்னது சரிதான் என்று சான்றிதழ் கொடுப்பதுபோல் சொல்லிவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போகிறார்.

எடுத்த எடுப்பில் தொட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள். அதற்கு முறை இருக்கிறது. முதலில் தூரத்திலிருந்து ஒரு பார்வை. பிறகு குனிந்து, தலையைச் சாய்த்து, மேலே பளபளப்பு மங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு மோந்து பார்ப்பது. பிறகு, யாரும் கவனிக்காதபோது, லேசாக ஊதுவது. பிறகு நகம், நகம் விரலில் சேர்த்தி இல்லையாம். பிறகு விரல். கையும் களவுமாகப் பிடித்தால் ஒரே ஒரு பதில்தான்.

"சும்மா பாத்தேன்."

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று பழமொழி சொன்ன புண்ணியவான் பசையைக் கண்டதில்லை. ஆக்கியது ஆறினால் ஆவி அடங்கும், கண்ணுக்குத் தெரியும். பசை காய்வதற்கு அப்படி ஓர் அடையாளமும் கிடையாது. ஒட்டிய நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் ஒட்டிப் பிடித்த பிறகும் இருக்கும். அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை.

ஆனால் அவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏதாவது உடைந்தால் முதலில் ஓடி வருபவர் அவர்தான். ரெசின் பொம்மையின் காது, சாவிக்கொத்தின் வில்லை, பேனாத் தாங்கியின் பாதி, எது கையில் கிடைத்தாலும் "இது ஒரு வேலையா, குடுங்க" என்பார். இரண்டு பாட்டிலில் வரும் பசை, சமபாகம் கலக்கவும் என்று மேலேயே போட்டிருக்கும். அவர் ஹார்டனரை ஒரு சொட்டு கூடவே விடுவார். ஹார்டனர் என்றால் இறுகவைப்பது. கூட விட்டால் கூட இறுகும். இது அவருடைய கணக்கு. பசைக்கு அந்தக் கணக்கு தெரியாது. கூடுதலாக வந்த ஹார்டனர், சேர்வதற்குத் துணை கிடைக்காமல், நாற்காலி கிடைக்காத விருந்தாளி மாதிரி கடைசிவரை பிசுபிசுவென்று நின்றுகொண்டே இருக்கும். "இன்னும் காயலையே!" என்று அவர் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பார்.

பொருளோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வீட்டில் ஒரு சண்டை வருகிறது. முடிந்தும் போகிறது. இரண்டு பேரும் மனம் வருந்தியாயிற்று, காப்பியும் குடித்தாயிற்று. அப்படியே விட வேண்டியதுதானே? அடுக்களைக்குள் தலை நீளும்.

"கோபம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தலை.

"நிஜமாவே போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

"இல்ல, முகம் ஒரு மாதிரி இருக்கே?"

இப்போது வந்துவிட்டது. புத்தம் புதிதாக, முழுசாக. அவர் முகத்தில் ஓர் ஆராய்ச்சியாளரின் திருப்தி. "பாத்தியா? போகலன்னு எனக்குத் தெரியும்!"

இந்த இனத்துக்கு நல்ல மாதிரியாக ஒருவரை உங்களுக்குக் காட்ட வேண்டும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். காலையிலிருந்து மாலைவரை, தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுமையைப் போதிப்பதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். "மெதுவா. கிளட்ச மெதுவா விடுங்க. எங்க ஓடிப் போகப்போவுது ரோடு?" வண்டியின் பின்கண்ணாடியில் 'பதறாத காரியம் சிதறாது' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதில் 'சிதறாது' மட்டும் கொஞ்சம் சிதறியிருக்கும். எழுதிய பெயின்டர் டீ குடிக்கப் போயிருந்த இடைவெளியில் மாஸ்டர் சும்மா பார்த்திருந்தார்.

சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, உடனே பிடிக்கும் பசை ஒரு குப்பி எப்போதும் இருக்கும். அந்தப் பசைதான் அவருக்குப் பிடித்த பசை. காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? எதிர்வீட்டுத் தையல்காரரின் மூக்குக்கண்ணாடிக் காலை அதால்தான் ஒட்டிக்கொடுத்தார். கால் பிடித்தது. ஆனால் அந்தப் பசையின் ஆவி பளிச்சென்று இருக்கும் எதன்மேல் பட்டாலும் வெள்ளையாகப் பூத்துவிடும். தையல்காரர் அடுத்த சில நாட்கள் உலகம் முழுவதும் பனி மூடிக் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு, அந்தப் பனிக்கு நடுவே இரண்டு இடது கை வைத்த ஒரு சட்டையையும் தைத்து முடித்தார்.

மாஸ்டரின் மனைவி இவருக்கு நேர் எதிர். பின்னறையில் அவள் ரெசின் என்ற திரவப் பிசினை அச்சில் வார்த்துக் கைவேலை செய்கிறாள். யாரிடமும் போய்க் கற்றதில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றாள். அச்சிலிருந்து வரும் துண்டு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பில் எந்தப் பசையும் நிலைக்காது. ஆகவே ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆனதும் ஸ்பிரிட்டால் துடைப்பாள். துடைத்த பிறகு அங்கே விரல் படக் கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை எதிரி. பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்ப்பாள். பிறகு சமபாகம் எடுத்து, குமிழ் வராமல் நிதானமாகக் கலக்கி, மெல்லியதாகத் தடவி, அமுக்கியும் அமுக்காமலும் சேர்த்து, டேப் போட்டு, எழுந்து போய்விடுவாள். போய்விடுவாள் என்பதுதான் முக்கியம்.

"ஒட்டறதுல பாதி வேலை, ஒட்டிட்டு அந்த இடத்த விட்டு எழுந்து போறதுதான்" என்பாள்.

மற்ற பாதியைத்தான் மாஸ்டர் செய்துகொண்டிருந்தார்.

நகரத்தில் புதிதாக ஒரு நூலகம் கட்டி முடித்திருந்தார்கள். அதன் படிப்பறையில் மேசைக்கு மேசை விளக்கு வேண்டும். கடையில் வாங்காமல் கைவேலைக்காரர்களிடமே செய்து வாங்குவது என்று முடிவாகி, மாதிரி விளக்குகளை ஒரு ஹாலில் கொண்டுவந்து வைக்கும்படி அறிவித்திருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்படுவது ஒரே ஒரு விளக்கு. அவள் அதுவரை செய்ததெல்லாம் சாவிக்கொத்தும் காதணியும்தான். 'நல்லாப் பொழுது போகுது போல' என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சொல் அவளுக்கு ஆகாது. அந்தப் படிப்பறையில் ஒரு தரம் தன் விளக்கு எரிந்துவிட்டால் பிறகு யாரும் அப்படிச் சொல்ல முடியாது என்பது அவள் எண்ணம். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாஸ்டருக்குத் தெரியும். தொட்டுப் பார்ப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல, விரல்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

விளக்கு இப்படி: நடுவில் பல்பு. அதைச் சுற்றி ஒரு மொட்டு விரிவதுபோல் உயரமான இதழ்கள். அடியில் தேநீர் நிறம், மேலே போகப் போகத் தண்ணீர்போல் தெளிவு. அவளிடம் இருந்த அச்சு சிறியது. அதனால் ஒவ்வோர் இதழையும் தனித்தனியாக வார்த்து, அடியில் உள்ள வளையத்தில் வரிசையாக ஒட்ட வேண்டியிருந்தது. மெதுவாகப் பிடிக்கும் பசைதான் இதற்கு ஆகும். மற்றதெல்லாம் பூத்துவிடும், அல்லது மஞ்சளாகிவிடும். கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி இதழையும் வைத்து, ஒவ்வொன்றையும் காகித டேப்பால் பக்கத்து இதழோடு பிணைத்துவிட்டு, அவள் புறப்பட்டாள்.

"என்னங்க, நான் ஹாலுக்குப் போய் மேசையெல்லாம் சரி பண்ணிட்டு வரேன். இது நாளைக்குக் காலைல வரைக்கும் இப்படியே இருக்கணும்."

"இருக்கட்டும்."

"தொடக் கூடாது."

"நான் ஏன் தொடப்போறேன்?"

"ஊதக் கூடாது."

"ஊதறதுல என்னம்மா—"

"வெயில்ல தூக்கி வைக்கக் கூடாது. ஃபேன் போடக் கூடாது, தூசி ஒட்டும்."

"மூச்சு விடலாமா?"

"தள்ளி நின்னு விடுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "விரல் ரொம்ப நமநமன்னு இருந்தா, அந்தக் கப்புல மிச்சப் பசை கிடக்கு பாருங்க. அதத் தொட்டுக்கங்க. விளக்குப் பக்கம் போயிடாதீங்க."

புத்திசாலிப் பெண்தான். அழுகிற குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பதுபோல் அவருக்கென்று ஒரு கப்பையே விட்டுவிட்டுப் போனாள். ஒன்றைத்தான் சொல்லாமல் போனாள். கலக்கிய பசை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் அதற்குள்ளேயே சூடு ஏறும். அந்தச் சூட்டில் அது சீக்கிரமே கல்லாகிவிடும். அதே பசையை மெல்லியதாகத் தடவினால் சூடு தங்காது; அது பாட்டுக்கு, தன் இஷ்டத்துக்கு, சாவகாசமாக இறுகும். கப்பில் இருப்பதும் விளக்கில் இருப்பதும் ஒரே பசைதான். ஆனால் கப்பு கல்லான பிறகும் விளக்கு வெகுநேரம் ஈரமாகவே இருக்கும்.

மாஸ்டர் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தார். செய்தித்தாள் படித்தார். படித்ததையே திருப்பிப் படித்தார். பின்னறை வாசலில் நின்று விளக்கைப் பார்த்தார். பார்ப்பது கூடாது என்று அவள் சொல்லவில்லை. கப்பைத் தொட்டார். பிசுபிசு. கை கழுவிக்கொண்டு போய் வண்டியைத் துடைத்தார். வந்து கப்பைத் தொட்டார். இளகிய மெழுகு மாதிரி இருந்தது. கப்பு வெதுவெதுவென்றும் இருந்தது. வண்டியை மறுபடி துடைத்தார். அது பெயின்ட் போகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. வந்து கப்பைத் தொட்டார்.

கல்!

நகத்தால் தட்டினார். டொக் டொக். கப்பைக் கவிழ்த்தார், விழவில்லை. அதிலிருந்த குச்சியைப் பிடித்துத் தூக்கினார். கப்பும் கூடவே வந்தது. மாஸ்டருக்கு மனசு குளிர்ந்தது. அவள் சொல்லை மீறாமலே, சொன்னதைத் தொட்டே, உண்மை தெரிந்துவிட்டது. காய்ந்துவிட்டது! இனி அந்த டேப் எதற்கு? அது அங்கேயே இருந்தால் பிசின் கறை விழாதா? நாளைக் காலை அவசரத்தில் பிய்க்கப் போய் எதையாவது உடைத்துவைத்தால்? பாவம், அவளுக்கு ஒரு வேலை மிச்சம். பாருங்கள், எவ்வளவு நல்ல எண்ணம்! உலகத்தில் ஈரப் பசையைக் கெடுத்தவர்கள் எல்லாருமே நல்ல எண்ணத்தோடுதான் போனார்கள்.

முதல் டேப்பை உரித்து, வெற்றிக் களிப்பில் உருண்டையாக உருட்டி மூலையில் எறிந்தார். ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த இதழ், தூங்கி எழுந்த பூனை சோம்பல் முறிப்பதுபோல், யாருக்கும் எந்த அவசரமும் இல்லாமல் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியது.

மாஸ்டர் பாய்ந்து பிடித்தார். நேராக நிமிர்த்தினார். விரலை எடுத்தார். சாய்ந்தது. பிடித்தார். எடுத்தார். சாய்ந்தது. பக்கத்து இதழும் 'நானும் வரட்டுமா?' என்பதுபோல் லேசாக நடுங்கியது. மாஸ்டர் பிடித்த பிடியில் அப்படியே நின்றார்.

அப்போதுதான் அவருக்கு நிலைமை விளங்கியது. விட்டால் இதழ் விழும். விடாவிட்டால் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்? பசை காயும்வரை. காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? விட்டுப் பார்த்தால் தெரியும். விட்டால் விழும். வாழ்நாளெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று துடித்த விரல்களுக்கு இப்போது தொடுவதைத் தவிர வேறு வேலையே இல்லை.

அவள் தம்பி ஹாலுக்கு நாற்காலி எடுத்துப் போக வந்தான். பின்னறையில் எட்டிப் பார்த்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன மாமா, விளக்கத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டு இருக்கீங்க?"

"மாப்ள, சிரிக்காத. நீ சிரிச்சா நானும் சிரிப்பேன், நான் சிரிச்சா இது விழும்."

"அக்கா தொடாதன்னு சொல்லலையா?"

"சொன்னா. அதுக்குத்தான் கப்பத் தொட்டேன்."

"கப்பு எங்க, இது எங்க?"

"அதான் மாப்ள இப்பத் தெரியுது. போய் ஒரு டேப் வாங்கிட்டு வா. ரோல உங்கக்கா எடுத்துட்டுப் போயிட்டா."

போனான். வந்தான். மாஸ்டர் அவன் கையைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"டேப்புதான் மாமா. ரெண்டு பக்கமும் ஒட்டுமாம். கூடவே ஒட்டுனா நல்லதுதானேன்னு—"

"அத வெச்சுப் பிணைச்சா விளக்கோட நானும் நாளைக்கு ஹாலுக்குப் போகணும். தள்ளி வை."

"அப்ப உங்க பையில இருக்கே குப்பி, அதுல ஒரு சொட்டு விட்டா முடிஞ்சுதே. உடனே பிடிச்சுக்குமே?"

மாஸ்டருக்கு வியர்த்தது. பை நெஞ்சுக்கு நேரே இருந்தது. ஒரு சொட்டு. ஒரே சொட்டு. கையை எடுத்துவிடலாம், டீ குடிக்கலாம், அவள் வருவதற்குள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பழகியும் வைக்கலாம். ஆனால் தையல்காரரின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. தண்ணீர்போல் தெளிந்த இந்த இதழ்கள் எல்லாம் நாளைக்குப் பனி மூடி நிற்கும். 'நல்லாப் பொழுது போகுது போல' என்று யாரோ சொல்வார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

"மாப்ள, அந்தக் குப்பிய என் பையிலேருந்து எடு. எடுத்துட்டியா? தூரமா எங்கயாவது கொண்டு போய் வை. எங்க வெச்சன்னு எனக்குச் சொல்லாத."

மூக்கு அரித்தது. மைத்துனன் சொறிந்துவிட்டான், மூக்கைத் தவிர மற்ற இடங்களை எல்லாம் சொறிந்துவிட்டு, கடைசியில்தான் மூக்குக்கு வந்தான். போன் அடித்தது. காதில் வைத்துப் பிடித்தான். கற்றுக்கொள்ள வரும் ஓர் அம்மாள்.

"மாஸ்டர், நாளைக்கு டெஸ்ட்டு. கையெல்லாம் நடுங்குது."

"நடுங்கக் கூடாதும்மா. நடுங்கினா போச்சு. இறுக்காம, அதே சமயம் விடாம, அப்படியே பிடிக்கணும். என்ன ஆனாலும் விட்றாதீங்க!"

"எத மாஸ்டர்?"

"ஸ்டியரிங்கம்மா."

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வந்தாள். பின்னறைக்கு வந்து, விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூலையில் கிடந்த டேப் உருண்டையைப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த கப்பைப் பார்த்தாள். நடந்தது அத்தனையும் அந்த அறையில் வரிசையாக எழுதிவைத்தாற்போல் கிடந்தது. குனிந்து, இதழ் வளையத்தோடு சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தாள்.

"லேசாச் சாஞ்சிருக்கு" என்றாள்.

"நேராக்கட்டுமா?"

"வேணாம்! இப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப அசைச்சா உள்ளயே விட்டுப்போயிடும், அப்புறம் எப்பவுமே நிக்காது."

"டேப்பு?"

"டேப்பு போடப் போனாலும் அசையும். அப்படியே பிடிங்க."

நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். அவர் முட்டியை மட்டும் மடக்கி, கை அசையாமல், மெல்ல மெல்ல உட்கார்ந்தார். ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட அவர் அவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. அவள் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து மற்ற டேப்புகளைச் சரிபார்த்தாள்.

"கோபமா?" என்றார் மாஸ்டர்.

அவள் ஒரு டேப்பின் நுனியை அழுத்திவிட்டாள்.

"ரொம்பவா?"

"தொட்டுப் பாக்காதீங்க" என்றாள் அவள். "தானா ஆறும்."

தன் வாழ்க்கையில் முதன்முறையாக மாஸ்டர் மூன்றாவது தடவை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு இதழைப் பிடித்திருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறப்பார், மூடுவார். தொட்டியில் இருக்கும் மீன் மாதிரி. அவள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே எழுந்து வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். இதழ் நின்றது. மற்றவற்றைவிட ஒரு நூலளவு வெளியே சாய்ந்து, ஆனால் நின்றது. மாஸ்டரின் கைதான் அன்று இரவு முழுவதும் எதையோ பிடித்தபடியே இருந்தது.

மறுநாள் ஹாலில் விளக்குகள் வரிசையாக நின்றன. மூங்கில் விளக்கு, மண் விளக்கு, பித்தளை விளக்கு. அவளுடையதில் பல்பைப் போட்டதும் அடியில் தேநீர் நிறம் ததும்பி, மேலே போகப் போக வெறும் வெளிச்சமாகக் கரைந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன் நின்றார்கள். நின்றவர்கள் எல்லாரும் விரலை நீட்டினார்கள். "தொடாதீங்க சார்." "பாப்பா, தொடக் கூடாது." "அம்மா, கண்ணால பாருங்கம்மா." சொல்லிச் சொல்லி மாஸ்டருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இத்தனை பேரா! இத்தனை விரல்களா! அவருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது.

தேர்ந்தெடுக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நூலகர், வெள்ளை முடியை இறுக்கிக் கட்டிய அம்மாள். மற்றவர் கட்டடத்தைக் கட்டிய பொறியாளர். மாஸ்டர் அந்தப் பொறியாளரின் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நுனியில் சிமென்ட். பாம்பின் கால் பாம்பறியும்.

"ரெசினா? ஒட்டினதா? நல்லாப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பொறியாளர் கையை நீட்டினார்.

"சார், தொடாதீங்க!" மாஸ்டரின் கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

"பாக்கட்டும்" என்றாள் அவள்.

பொறியாளர் ஒவ்வோர் இதழாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. சாய்ந்த இதழுக்கு வந்தார். இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இதழ் அங்கேயே இருந்தது.

"கெட்டியாத்தான் இருக்கு. ஆனா இது ஒண்ணு மட்டும் ஏன் வெளிய சாஞ்சிருக்கு?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவள் மேசைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தாள், வண்டி நின்றது.

"அது கையால பிடிச்சு வெச்சது சார்" என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

நூலகர் அம்மாள் குனிந்து பார்த்தார். "இது இல்லேன்னா எல்லாம் மிஷின்ல வந்த மாதிரி இருக்கும். இது இருக்கறதாலதான் மலர்ற மாதிரி இருக்கு. இதையே எடுத்துக்கலாம்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விளிம்பைப் பிடித்த விரல்கள்தான் வெளுத்துப்போயின.

"ஆனா ஒண்ணு" என்றார் பொறியாளர். "மாதிரி எப்படியோ அப்படியேதான் எல்லாமே வரணும். ஒண்ணுல சாஞ்சு, இன்னொண்ணுல நேரா இருந்தா திருப்பி அனுப்பிடுவோம். அத்தனை மேசைக்கும் இதே இதழ், இதே சாய்வு. முடியுமா?"

அவள் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் ஆறியிருந்ததா என்று கேட்காதீர்கள். அந்தப் பார்வையைக் கண்டவர் யாரும் கேட்க மாட்டார்.

"முடியும் சார்" என்றாள். "அதுக்குன்னே எங்ககிட்ட ஒரு ஆள் இருக்கார்."

இப்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் மாஸ்டர் நேராகப் பின்னறைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் இதழைப் பிடித்துக்கொள்கிறார். இறுக்காமல், விடாமல். எழுந்திருக்கலாமா என்று அவர் கேட்பதில்லை. அவள் வந்து விரலை எடுத்துவிடும்வரை அப்படியே இருக்கிறார். அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி ஒரு மரக்கட்டையை வெட்டி முட்டுக் கொடுத்தால் போதும், ஆளே வேண்டாம் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

சொல்ல மாட்டீர்கள்தான். நீங்கள் நிதானமானவர், பொறுமைசாலி, எதையும் ஆற அமரப் பார்ப்பவர். ஆனாலும் மாஸ்டர் டேப்பை உரித்த இடத்தில், இதழ் சாயத் தொடங்கியதே, அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்? விளக்கு பிழைத்ததா என்று நாலு பத்தியைத் தாண்டி ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தீர்களா, இல்லையா? சும்மாதான் பார்த்தீர்கள். தெரியும். அந்தப் பத்தி அப்போது ஈரமாக இருந்தது, விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.